செகண்ட் கியர் விழவில்லை

குந்தாரப்பள்ளி சந்தைக்குக் கொஞ்சம் முன்னால், சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருந்தது முனிவேலின் பட்டறை. ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கிய அனுப்ரியா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அந்த லாரி நின்றிருந்தது.

பழைய மிலிட்டரி லாரி. ஏலத்தில் வந்தது. மூக்கு நீண்டு, சக்கரம் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. மேலே அடித்த நீலப் பெயிண்ட் உரிந்த இடத்தில் எல்லாம் அடியில் பழைய பச்சை தெரிந்தது. முன் பம்பர் மட்டும் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஓர் ஆளைக் கொன்ற வண்டிக்கு அவ்வளவுதான் அடி.

கொன்றது வண்டி இல்லை, அவள் புருஷன் பிரேம்குமார் என்பதுதான் அவர்கள் ஊரான நாகரசம்பட்டியில் பேச்சு.

பதிமூன்று நாளைக்கு முன்னால் நடந்தது. முதலாளி மாதேஸ்வரனின் மேட்டுத் தோப்பிலிருந்து மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு லாரி இறங்கியது. ஓட்டியது பிரேம்குமார். பக்கத்து சீட்டில் லோடுமேன் ஆஞ்சப்பன். பாதி இறக்கத்தில் வண்டி கையை மீறிப் போனது. ஆஞ்சப்பன் குதித்தான். பின்சக்கரம் அவன்மேல் ஏறியது. லாரி கீழே போய்க் கல்கட்டில் மோதி நின்றது. பிரேம்குமாருக்குத் தொடை எலும்பு முறிந்தது.

ஓடி வந்தவர்கள் முதலில் பார்த்தது கியர் கம்பியைத்தான். அது நியூட்ரலில் இருந்தது.

அந்தப் பக்கத்து டிரைவர்களில் பாதிப் பேருக்கு, இறக்கம் வந்தால் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பழக்கம் உண்டு. அதனால் யாரும் மறுபடி யோசிக்கவில்லை. "நியூட்ரல்ல விட்டான், ஒரு உசுரு போச்சு" என்று ஊரே முடிவு கட்டியது. வண்டியைச் சோதிக்க வந்தவர்களும் பிரேக்கை மிதித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

பிரேம்குமார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மூன்று நாள் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான். "தேர்டுலருந்து செகண்ட் போட்டேன். விழல. திரும்பப் போட்டேன், அப்பவும் விழல." நான்காம் நாளிலிருந்து அதைச் சொல்வதை விட்டுவிட்டான். எது கேட்டாலும் சுவரைப் பார்த்தான்.

ஊர்ப் பெரியவர் பெரியதம்பி வீடு தேடி வந்து, "பதினாறாம் நாள் காரியத்துல எல்லாரும் இருப்பாங்க. தப்பு என்னுதுன்னு செல்வம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு தம்பி. அதுக்கப்புறம் இந்தத் தெருவுல நீ நடமாட முடியும்" என்றார். செல்வம்மாள் ஆஞ்சப்பனின் மனைவி. மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். பிரேம்குமார் ஒரு மறுப்பும் சொல்லாமல் தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டல்தான் அனுப்ரியாவைக் குடைந்தது. பத்து வருடம் அவனோடு குடித்தனம் செய்தவள். செய்யாததை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை அவன். அப்படியானால் செய்தானா? மூன்று நாள் சொன்னது பொய்யா? பதினாறாம் நாளுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

"யாரும்மா அது?" லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"நாந்தாண்ணா, அனு. அவரோட சாமான் எதுனா கேபின்ல இருந்தா எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

முனிவேல் முதுகால் நகர்ந்து வெளியே வந்தார். ஐம்பது வயது. கையெல்லாம் கரி. லாரிச் சக்கரத்தைத் தட்டினார். "எடுத்துக்க தாயி. நாளன்னிக்கு இவன் கைமாறிப் போறான். ஆந்திராவுல குப்பத்துக்காரர் ஒருத்தர் வெலைக்குக் கேட்டிருக்காரு. மொதலாளி கியர் ஆயிலை மட்டும் மாத்திக் கொடுத்துடுன்னாரு. மாத்துறதும் லேசா? கிழவன் அடம் புடிக்கறான். அரை மணி நேரமா மேல் மூடியோட குஸ்தி."

"ஆயில் வடிக்கறது கீழ இருக்கற மூடிலதானண்ணா? மேல எதுக்கு?"

"கீழ தொறந்து எல்லாத்தையும் வடிச்சுட்டு, அப்புறமா மேல் மூடி தொறக்கலைன்னா எங்கருந்து ஊத்துவே? வண்டி நின்ன எடத்துலயே நிக்கும். எங்க மாமனார் வண்டில ஒருக்கா அப்படிப் பண்ணி, மூணு வருசம் அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போவல நானு." சொல்லிவிட்டு ஸ்பேனரைப் பிடித்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மூடி முனகிக்கொண்டு திரும்பியது. "ஆங். வந்தான் வழிக்கு."

அவர் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தியிருந்தார். சூட்டில் ஆயில் இளகியிருக்கும். பழைய தகரத் தட்டை அடியில் தள்ளிவிட்டு, வடிகிற மூடியைக் கழற்றினார். கறுத்த ஆயில் தடித்த கயிறு போல இறங்கியது. கந்தக வாடை பட்டறை முழுக்கப் பரவியது.

அனுப்ரியா கேபினில் ஏறி, அவன் போர்வையையும் லைசென்ஸ் பையையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். தட்டு நிறைந்திருந்தது. தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெயில் அதன் மேல் பட்டது.

ஆயில் மின்னியது.

அவள் குனிந்தாள். கறுப்புக்குள் பொடிப்பொடியாக மஞ்சள். சரிகை உதிர்ந்தது போல.

"அண்ணா, இத பாருங்க."

முனிவேல் கையால் அள்ளி விரல்களுக்கு இடையில் தேய்த்தார். "இரும்புத்தூள் வர்றது வழக்கந்தான். பல்லு தேயுமில்ல?"

"இரும்பு வெள்ளையா இருக்கும். காந்தம் இருக்காண்ணா?"

உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்து, அவர் தட்டுக்குள் ஓட்டினார். கருந்தூள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. மஞ்சள் அப்படியே தட்டில் கிடந்தது.

"பித்தளை" என்றாள் அனுப்ரியா.

அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஓசூர் சிப்காட்டில் கியர் செய்கிற கம்பெனியில் அவளுக்கு ஏழு வருட வேலை. செக்கிங் செக்‌ஷன். கியர் பெட்டிக்குள் இருக்கிற பித்தளை வளையங்கள்தான் அவள் டேபிளுக்கு வரும். ஒரு கியரை விட்டு இன்னொரு கியருக்கு மாறும்போது, இரண்டின் சுற்று வேகத்தையும் ஒன்றாக்குவது அந்த வளையம்தான். கியரின் கூம்பு மேல் அதை வைத்து அழுத்தித் திருப்பினால், பிடித்துக்கொள்ள வேண்டும். வளையத்துக்கும் கியருக்கும் நடுவில் இடைவெளி அளக்கிற கேஜ் தகடு நுழைய இடம் இருக்க வேண்டும். பிடிக்காத வளையம் சிவப்பு டிரேக்குப் போகும். ஒரு நாளைக்கு எண்ணூறு வளையம் அவள் கையால் திரும்பும்.

"அண்ணா, மேல் கவரைக் கழட்டுங்க. ஃபீலர் கேஜ் கொடுங்க."

"ஏம்மா, என்னை ஆயில் மாத்தத்தான் சொல்லியிருக்காங்க. பெட்டியப் பிரிக்கச் சொல்றியே. மொதலாளி என்னைப் பிரிச்சுடுவாரு."

"கழட்டுங்கண்ணா. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

முனிவேல் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

கவரைத் தூக்க முக்கால் மணி நேரமானது. அனுப்ரியா கேபின் தரையில் மண்டியிட்டு, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். இரண்டாவது கியரின் வளையத்தை ஸ்குரூ டிரைவரால் கூம்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடைவெளியில் கேஜின் தகட்டை நுழைத்தாள். ஒரு மில்லி தகடு நுழைய வேண்டிய இடம். நுழையவில்லை. அரை மில்லி நுழையவில்லை. கால் மில்லியும் இல்லை. கடைசியில் கேஜிலேயே மிக மெல்லிய, காகிதம் போன்ற தகட்டை வைத்துப் பார்த்தாள். அதுவும் முட்டிக்கொண்டு நின்றது. விரலால் வளையத்தைத் திருப்பினாள். எண்ணெய்ப் பாத்திரத்து மூடி போல வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"அவர் சொன்னது நெசந்தாண்ணா" என்றாள். "செகண்ட் விழுந்திருக்காது. இறக்கத்துல தேர்டை விட்டு எடுத்தாரு, செகண்ட் புடிக்கல. நடுவுல மாட்டிக்கிச்சு. நியூட்ரல்ல விடல, நியூட்ரல்ல நின்னுடுச்சு. வெறும் பிரேக் எவ்வளவு நேரம் தாங்கும்?"

முனிவேல் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அடப்பாவி மனுசா... வழவழன்னு ஆயிடுச்சே வளையம். இப்படித் தேயணும்னா ஒரே ஒரு காரணந்தான். ஆயில் தப்பு."

"ஆயிலா?"

"உங்க கம்பெனியில வளையம் பார்ப்பீங்க. அதுல என்ன ஆயில் ஊத்தறாங்கன்னு பார்க்கறது உன் வேலை இல்லைல்ல. கேளு. கியர் ஆயில்ல நாலுன்னு ஒண்ணு, அஞ்சுன்னு ஒண்ணு. பின்னாடி ஆக்சில்ல இருக்கற கிரவுன் பல்சக்கரத்துக்கு அஞ்சு ஊத்தணும். அதுல மருந்து ஜாஸ்தி. இரும்புப் பல்லை நல்லா காப்பாத்தும். ஆனா அந்த மருந்து பித்தளையத் திங்கும். புது வண்டிங்களுக்கு எப்படியோ, இந்தக் கிழவன் பெட்டிக்கு நாலுதான். யாரோ தெரியாம அஞ்சை வாங்கி ஊத்தியிருக்காங்க."

அவர் கேபினுக்குள் எட்டி, சீட்டுக்குப் பின்னால் கையை விட்டார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ளும் கேன் ஒன்று வந்தது. பத்து லிட்டர் பச்சை கேன். ஆயில் தீர்ந்ததும் தண்ணீருக்கு வைத்துக்கொள்வது எல்லா டிரைவரும் செய்கிறதுதான். முனிவேல் அழுக்கைத் துடைத்துவிட்டு லேபிளை வெயிலில் பிடித்தார். "பாத்தியா? அஞ்சு."

அனுப்ரியா கேனைக் கையில் வாங்கினாள்.

அந்தக் கேனை அவளுக்குத் தெரியும். போன ஆடி மாதம் வாங்கியவள் அவள்தான்.

"இந்தப் பக்கம் எல்லாம் டூப்ளிகேட் ஆயில், நீ வர்றப்ப ஓசூர்ல வாங்கிட்டு வந்துடு. நாலுன்னு கேளு" என்று பிரேம்குமார்தான் போனில் சொன்னான். ஷிப்ட் முடிந்து பாகலூர் ரோட்டில் ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் கன்னடம் கலந்த தமிழில், "நாலு ஹளேது மேடம், பழசு. செல்போனுக்கே அஞ்சு ஜீ வந்தாச்சு, நீங்க நாலு கேக்கறீங்களா?" என்று சிரித்தார். விலை கூட. விலை கூடினால் உசத்தியாகத்தானே இருக்கும்? புருஷன் ஓட்டுகிற வண்டிக்கு உசத்தியானதே இருக்கட்டும் என்று வாங்கினாள். கம்பெனி பஸ்ஸில் இரண்டு மணி நேரம் கேனைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "என்னடி அனு, ஊருக்கே வடை சுடப் போறியா?" என்று பஸ்ஸில் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு நாலாம் நாள் வந்தேன்ல, அப்பவே அவன்கிட்ட கேட்டேன்" என்று முனிவேல் சொல்லிக்கொண்டிருந்தார். "செகண்ட் விழலங்கறியே, பெட்டியில என்ன ஆயிலுடா ஊத்தினேன்னு. அஞ்சு ஊத்தியிருந்தா வளையம் போயிருக்கும்டான்னும் சொன்னேன். ஞாபகமில்லண்ணான்னு திரும்பிப் படுத்துட்டான். நானும் அதோட விட்டுட்டேன்."

நாலாம் நாள்.

அன்றைக்குத்தான் அவன் வாயை மூடினான்.

"இந்தக் கேனை வாங்கினது யாரும்மா? உனக்குத் தெரியுமா?" முனிவேல் கேட்டார். "அது தெரியணும். இல்லாட்டி மொதலாளி என்ன சொல்வாரு? ஆயில் வாங்கினதும் டிரைவர், ஊத்தினதும் டிரைவர், அப்பவும் தப்பு அவன்மேலதான்னுடுவாரு. எவன் வாங்கினானோ அவன் வந்து பத்துப் பேர் முன்னாடி சொல்லணும். ஒரு உசுருக்குப் பதில் சொல்லணும்ல?"

அனுப்ரியா கேனின் லேபிளைக் கையால் மூடினாள்.

"தெரியலண்ணா" என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் சொன்ன அதே பொய்.

"சரி, இதக் கீழ ஊத்திடட்டுமா? குப்பத்துக்காரருக்குப் புது ஆயில் ஊத்திக் கொடுக்கணும்." முனிவேல் தட்டைக் காலால் நகர்த்தினார். பட்டறைக்குப் பின்னால் கழிவு ஆயிலுக்கென்று ஒரு குழி இருந்தது. அதில் கவிழ்த்துவிட்டால் அந்த மஞ்சள் தூள் எந்தக் காலத்திலும் யார் கண்ணிலும் படாது. கேனைத் தூக்கி எறிந்துவிட்டால் அதுவும் போயிற்று. அவள் குழியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"ஊத்திடாதீங்க. ஒரு பாட்டில்ல புடிச்சுக் கொடுங்க. அந்த வளையத்தையும் கழட்டி வெச்சிருங்கண்ணா. பதினாறாம் நாள் காலைல நீங்களும் எங்க ஊருக்கு வரணும்."

பொழுது சாயும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தாள். மகளைக் கல்லாவியில் அம்மா வீட்டில் விட்டிருந்ததால் வீடு சத்தமில்லாமல் இருந்தது. பிரேம்குமார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கால் தலையணை மேல் இருந்தது.

அவள் பச்சை கேனைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் கேனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "இத எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

"முனிவேல் அண்ணன் கேட்டப்ப ஞாபகமில்லன்னு ஏன் சொன்னீங்க?"

"விடு அனு."

"விடறதா? செய்யாத தப்பை ஊர் முன்னாடி ஒத்துக்கப் போறீங்க. யாருக்காக?"

அவன் கேனின் லேபிளைக் கட்டைவிரலால் தடவினான். "ஊத்தறப்பவே பாத்தேன்" என்றான். "நாலு கேட்டோம், அஞ்சுன்னு போட்டிருக்குதேன்னு. எனக்கும் இந்த வண்டிக்கு நாலுதான்னு தெரியும். பித்தளையத் திங்கும்னு தெரியாது. அவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்து, வேர்த்து விறுவிறுத்து நிக்கற. போயித் திருப்பிக் கொடுன்னு சொல்ல வாய் வரல. ஊத்திட்டேன். அடுத்த தடவை ஆயில் மாத்துறப்ப பாத்துக்கலாம்னு நெனச்சேன். பங்குனிலருந்தே செகண்ட் கரகரன்னு சத்தம் போட்டுச்சு. மொதலாளிகிட்டயும் சொன்னேன். மாங்காய் முடியட்டும்டான்னாரு."

"அப்ப என்மேல தப்பில்லையா?"

"நீ வாங்கின. நான் ஊத்துனேன். கூறு போட்டுப் பாக்க இது என்ன மாங்காயா?" அவன் குரல் ஏறியது, தொடை வலியில் உடனே இறங்கியது. "ஊர் வாயில ஏற்கெனவே ஒருத்தன் கிடக்கறேன். நீயும் எதுக்கு? தினமும் அந்த பஸ்ல ஏறணும் நீ. செல்வம்மாக்கா வாசலைத் தாண்டித்தான் போகணும். டிரைவர் தப்புன்னா கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க. பொண்டாட்டி வாங்கின ஆயில்ல ஆள் செத்தான்னா, நம்ம பொண்ணு பெரியவளாகற வரைக்கும் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"அனு..."

"கம்பெனியில ஒரு வளையம் தப்பாப் போச்சுன்னா, செக் பண்ணது யாருன்னு டேபிள்ல பேரு இருக்கும். ஏழு வருசமா என் பேர் இருக்குது. இதுல மட்டும் உங்க பேரைப் போட்டுட்டு நான் சோறு திங்கணுமா?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் சோறு வடித்தாள். அவன் பாதி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான். அவள் மீதியைத் தின்றாள்.

பதினாறாம் நாள் காலை செல்வம்மாள் வீட்டு முன்னால் சாமியானா கட்டியிருந்தது. ஆஞ்சப்பனின் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் இலை விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் நாற்காலியில் மாதேஸ்வரன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பிரேம்குமாரை இரண்டு பேர் ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி ஒரு நாற்காலியில் வைத்தார்கள். கூட்டம் விலகியது. செல்வம்மாள் தலையைக் குனிந்தபடி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினாறு நாளில் அவனை அவள் ஒரு தடவையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவன் சொல்லி அனுப்பிய வார்த்தையைக் கூட, "கொன்னவன் பேச்சு எனக்கு வேணாம்" என்று திருப்பிவிட்டாள்.

பெரியதம்பி தொண்டையைக் கனைத்தார். "சொல்லுப்பா."

பிரேம்குமார் கையைக் கூப்பினான். "அக்கா, தப்பு..."

"அவரு தப்பு இல்லீங்க." அனுப்ரியா முன்னால் வந்துவிட்டாள். கையில் கறுத்த ஆயில் பாட்டில். இன்னொரு கையில் பச்சை கேன். "செகண்ட் கியர் விழல. விழாதபடி வளையத்தை ஆயில் தின்னுடுச்சு. தப்பான ஆயில். அத ஓசூர்ல வாங்கிட்டு வந்தது நான். அவரு நாலு கேட்டாரு, நான் அஞ்சு வாங்கினேன். அது ஒசத்தின்னு நெனச்சு வாங்கினேன்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "புருசனைக் காப்பாத்த பழியத் தூக்கித் தலைல போட்டுக்கறா. நல்ல கெட்டிக்காரிதான்."

மாதேஸ்வரன் லேசாகச் சிரித்தார். "ஏம்மா, காரியத்துக்கு வந்து மெக்கானிக் பாடம் எடுக்கறியா?"

"அவ எடுக்கலீங்க, நான் எடுக்கறேன்." முனிவேல் ஒரு துணியைப் பிரித்து வளையத்தைக் காட்டினார். "பதினெட்டு வருசமா உங்க வண்டிங்களை எல்லாம் பாக்கறவன். இந்த வளையத்தோட இறக்கத்துல செகண்ட் போட எங்கப்பனாலயும் முடியாது. சத்தம் வருதுன்னு இவன் உங்ககிட்ட சொன்னானா இல்லியா, அத நீங்களே சொல்லுங்க மொதலாளி."

மாதேஸ்வரன் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தார். "சொன்னான்... சீசன்ல எல்லா டிரைவரும் ஏதாச்சும் சொல்லுவான்" என்றார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

"வளையம் போனது சரி. ஆயில் இவதான் வாங்கினான்னு என்ன நிச்சயம்?" அதே பின்வரிசைக் குரல்.

"இவதான் வாங்கினா."

சொன்னது செல்வம்மாள். எல்லோரும் திரும்பினார்கள். அவள் கேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பச்சை கேனுதான். கம்பெனி பஸ்ஸுலருந்து எறக்கி வெச்சுக்கிட்டுத் தூக்க முடியாம நின்னா. எங்க வீட்டுக்காரருதான் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்து அவங்க வீட்ல வெச்சாரு. சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. நான்தான் தொவச்சேன்."

அனுப்ரியா கேனைக் கீழே வைத்தாள். அந்தச் சாயங்காலத்தை அவள் இந்த மூன்று நாளும் மனசின் பக்கம் அண்டவிடவே இல்லை.

"தெரிஞ்சு வாங்கினியா?" என்றாள் செல்வம்மாள்.

"இல்லக்கா."

செல்வம்மாள் அவளை அதிகம் பார்க்கவில்லை. முதன்முறையாகப் பிரேம்குமார் பக்கம் திரும்பினாள். "அப்ப நீ நியூட்ரல்ல விடல."

"விடலக்கா."

"அவரு ஏன் குதிச்சாரு? பயந்துக்கிட்டுக் குதிச்சு மாட்டிக்கிட்டான்னு பேசிக்கறாங்க. உள்ளயே உக்காந்திருந்தா உன்னை மாதிரி காலோட போயிருக்குமாம். என் காது படவே சொல்றாங்க."

பிரேம்குமார் நிமிர்ந்தான். "பயந்து குதிக்கலக்கா. கட்டையத் தூக்கிக்கிட்டுக் குதிச்சாரு."

"என்ன கட்டை?"

"சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கற கட்டை. சீட்டுக்கடியில ரெண்டு இருக்கும். செகண்ட் விழலன்னதும், ‘நீ பிரேக்கை விடாத, நான் முட்டுப் போடறேன்’னு சொல்லிட்டு எறங்கினாரு. மொதல் கட்டையப் போட்டாரு. சக்கரம் அத நசுக்கிட்டு வந்துடுச்சு. நான் ‘போதும் மாமா, தள்ளிப் போங்க’ன்னு கத்துனேன். கேக்கல. ரெண்டாவது கட்டையோட வண்டி கூடவே ஓடி வந்தாரு. அதப் போட்டப்பதான் வண்டி கொஞ்சம் மட்டுப்பட்டுச்சு. அதனாலதான் கல்கட்டு வரைக்கும் போயி நின்னுச்சு. இல்லன்னா பள்ளத்துல போயிருப்பேன் நானு. கட்டையப் போட்டவரு நிமிர்றதுக்குள்ள..."

"இத ஏன் பதினாறு நாளா சொல்லல?"

"சொல்லி அனுப்பினேன். நீங்க வேணாம்னுட்டீங்க. அப்புறம் கேக்க ஆளில்லாமப் போச்சுக்கா. நியூட்ரல்ல விட்டவன் சொன்னா யாரு நம்புவாங்க?"

செல்வம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பெண்கள் இரண்டு பேர் அவளைப் பிடிக்க வந்தார்கள். அவள் கையை உதறினாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"அத்தே, வெளிய வா. பையன் சொல்றான், வந்து கேளு."

ஆஞ்சப்பனின் அம்மா நாராயணம்மா உள்ளேயிருந்து வந்து, மகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். பெரியதம்பி, "நேரமாகுது, காரியத்தை..." என்று ஆரம்பித்தார்.

"இருங்க" என்றாள் செல்வம்மாள். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மொதல்லருந்து சொல்லுப்பா. தோப்புலருந்து கெளம்புனதுலருந்து. எதையும் விடாத."

பிரேம்குமார் ஆரம்பித்தான். சமையல் பக்கத்தில் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவர்களும் கரண்டியோடு வந்து நின்றார்கள்.

அனுப்ரியாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. அவள் சாமியானா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, முழுக்கக் கேட்டாள்.